வலது கால் கியர், இடது கால் கியர்

இரண்டு வண்டிகளும் கேட்டுக்கு வெளியே, முள்வேலியோரம், ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். இரண்டிலும் சாவி தொங்கும். நான் வேலை பார்த்த பட்டாசு ஆபீஸ் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெடியோ புகையோ இல்லை, அப்படி முகத்தை வெளியே வைத்து நின்ற அந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள்தான். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தாயில்பட்டி ரோட்டிலிருந்து பிரிகிற கரிசல் பாதையின் கடைசியில் ஒரு தகரக் கேட், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள், இடையில் வேப்ப மரங்கள், அவ்வளவுதான் ஆபீஸ். உள்ளே போகிறவர்கள் பீடி, தீப்பெட்டி, செல்போன், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டு, அங்கே பதித்திருந்த தாமிரத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். இரும்புச் சாவியும் உள்ளே வரக் கூடாது, அதனால் வண்டிச் சாவி வண்டியிலேயே இருக்கும். ஆனால் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் வேறு. அதைப் போர்மேன் அண்ணாச்சி புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு வண்டின்னு பாக்கக் கூடாது. கைக்குக் கெடச்சதுல ஆளை ஏத்திக்கிட்டுப் போயிரணும்." வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டதும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. செல்போன் அப்போதுதான் சாதாரண ஆட்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. நான் பேக்கிங்கில் இருந்தேன். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. என் வீட்டுக்காரர் அதே ஆபீஸில் ஸ்டோர் பார்த்தார், அதாவது ரசாயனங்களை நிறுத்து அந்தந்த அறைக்கு அனுப்புவது. வெடிமருந்து கலக்கும் அறைகள் எல்லாம் போர்மேன் அண்ணாச்சியின் பொறுப்பு. நெட்டையான ஆள், சிரித்தால்கூடச் சத்தம் வராது. சாத்தூரில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். அவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. ஆனால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எனக்கு மதினி ஆனார். எங்கள் வீட்டில் குழம்பு வைக்காத நாளில் மதினி வீட்டுக் குழம்பு வரும். தெருவில் காலையில் இரண்டு வண்டிகளும் கிளம்பும். இரண்டுக்கும் இடையே நடந்த சண்டை அந்தத் தெருவுக்கும் ஆபீஸுக்கும் பொதுவான வேடிக்கை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு வண்டியின் குணம் ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்காருகிறவளுக்குத்தான் தெரியும் என்று அடித்துச் சொல்வேன். ஓட்டுகிறவருக்குப் பெருமை கண்ணை மறைக்கும். நமக்கு இடுப்பு உண்மையைச் சொல்லிவிடும். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மதினி என்னை அண்ணாச்சி வண்டியில் ஏற்றி அனுப்புவார், அதனால் இரண்டின் குணமும் எனக்குத் தெரியும். இரண்டுமே நம் நாட்டில் செய்தவைதான், இரண்டும் அந்தக் காலத்து இளவட்டங்கள் வேகத்துக்காக வாங்கியவைதான். ஆனால் ஒன்றின் அச்சு இங்கிலாந்திலிருந்து வந்தது, இன்னொன்றின் அச்சு ஜப்பானிலிருந்து வந்தது. அண்ணாச்சியின் இங்கிலீஷ் வண்டிக்கு ஒற்றைச் சிலிண்டர். தாழ்ந்த பந்தயக் கைப்பிடி. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், ஒவ்வொரு அடியும் நம் முதுகெலும்பில் ஏறி இறங்கும். மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், பிடித்த வேகத்தை விடாது. எங்கள் ஜப்பான் வண்டிக்கு இரட்டைச் சிலிண்டர், இரட்டைச் சைலன்சர், பின்னால் நீலப் புகை. ஒரு கட்டம்வரை பரம சாது. அதைத் தாண்டினால் முன்சக்கரம் தரையை மறந்துவிடும், நான் வீட்டுக்காரர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவேன். அவர் சிரிப்பார். இறங்கியதும் நான் வாய்க்கு வந்தபடி பேசுவேன், அதற்கும் சிரிப்பார்.

இங்கிலீஷ் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூசை. கைப்பிடியில் இருக்கிற சின்ன லிவரை அழுத்தி, கரண்ட் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை காலால் மெல்ல இறக்கி, லிவரை விட்டுவிட்டு, பிறகு ஒரே மிதி. அவசரப்பட்டு மிதித்தால் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும். ஜப்பான் வண்டிக்கு அந்த மரியாதை எல்லாம் வேண்டாம், சின்னப் பிள்ளை உதைத்தால்கூட உயிர் வரும். அது மட்டுமா? ஒன்றின் நட்டு போல்ட்டு அங்குலக் கணக்கு, இன்னொன்று மில்லிமீட்டர் கணக்கு. ஒருவர் ஸ்பேனர் மற்றவருக்கு உதவாது. நடுவழியில் வண்டி நின்றால் இரண்டு பேரும் ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். அண்ணாச்சி வண்டியில் எண்ணெய் ஒழுகும். "ஏலே, ஒழுகுனா உள்ளே எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். இது அடிச்சு வளைச்சு நிமித்துற வண்டி. உன் வண்டிய மெக்கானிக் தொட்டாலே அழுகுது" என்பார். வீட்டுக்காரர் விடமாட்டார். "அண்ணாச்சி, நீங்க கெளம்பி கண்மாய்க்கரை தாண்டுறதுக்குள்ள நான் அங்கன போயி டீ குடிச்சிருவேன். வெள்ளைக்காரன் இரும்பை ஊத்தி வண்டி பண்ணியிருக்கான். ஜப்பான்காரன் கடிகாரம் பண்ற கையால பண்ணியிருக்கான்." பேக்கிங்கில் நாங்கள் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்போம். நான் எப்போதும் அண்ணாச்சி கட்சி. வீட்டுக்காரருக்கு அதில் கோபம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் கால்களில் இருந்தது. இங்கிலீஷ் வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பான் வண்டிக்கு அப்படியே நேர்மாறு: கியர் இடது காலில், பிரேக் வலது காலில். இன்று ரோட்டில் ஓடுகிற எல்லா வண்டியும் ஜப்பான் முறைதான். அன்று பழைய இங்கிலீஷ் வண்டியை வைத்திருந்தவர்களின் கால்கள் மட்டும் வேறு மாதிரி பழகியிருந்தன. கையில் முன்பிரேக் ஒன்று இருக்கும்தான். அண்ணாச்சி அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இளவட்டத்தில் மணலில் முன்பிரேக்கைப் பிடித்து ஒரு முறை குப்புற விழுந்தாராம், அதோடு சரி.

ஒரு பங்குனி மாத லீவு நாளில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டிகளை மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். மதினியும் நானும் சீனிக்கிழங்கை அவித்து எடுத்துக்கொண்டு கூடவே போயிருந்தோம். வீட்டுக்காரர் இங்கிலீஷ் வண்டியை முள் பார்க்காமல் மிதித்து, அது திருப்பி உதைத்ததில் நொண்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து அண்ணாச்சிக்கு வந்த சிரிப்பு அடங்குவதற்குள் அவர் முறை வந்துவிட்டது. ஜப்பான் வண்டி சீறிக்கொண்டு போனது. திருப்பத்தில் நிறுத்தப் பார்த்தவர் இடது காலை ஓங்கி மிதித்தார். அது பிரேக் இல்லை, கியர். வண்டி நிற்பதற்குப் பதில் கத்தியது, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய்க் கரையில் ஏறி நின்றது. வயிறு வலிக்கச் சிரித்தோம். மதினிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். அண்ணாச்சி இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டே தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். "இந்தக் காலுக்கு இனிமே புத்தி சொல்ல முடியாது தம்பி. இது தன்னால போயி மிதிக்குது" என்றார். அதன் பிறகு அந்த வண்டியில் அவர் ஏறவில்லை, யார் கேலி செய்தாலும் ஏறவில்லை.

இந்தக் கேலி கிண்டல் எல்லாம் கேட்டுக்கு வெளியேதான். தகட்டில் கை வைத்து உள்ளே போய்விட்டால் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். தூரத்தில் எங்காவது ஒரு சத்தம் கேட்டால் எல்லா அறை வாசல்களிலும் தலைகள் தெரியும். எந்தத் திசை என்று வானத்தைப் பார்ப்போம். புகை எழாவிட்டால் கல்குவாரி வெடி என்று மறுபடி உட்காருவோம். ஒரு நாள் காலையில் அண்ணாச்சி எங்களுக்குப் பிந்தி வந்து, வழக்கம்போலக் கேட்டுக்கு முன் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடினார். அந்த வண்டிக்கு அப்படி மூடினால் சைலன்சருக்குள் ஒன்று வெடிக்கும். அன்றைக்குக் கொஞ்சம் பலமாக வெடித்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, செருப்பில்லாத காலோடு, முள் செடிகளை மிதித்துக்கொண்டு வேலிக்கு ஓடினோம். மாசமாக இருந்த ஒரு பெண் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நாங்கள் நிற்க, வெளியே அண்ணாச்சி ஓடாத வண்டிமேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் வண்டியைப் பாதை பிரிகிற இடத்திலேயே அணைத்துவிட்டு, அங்கிருந்து கேட்வரை தள்ளிக்கொண்டே வந்தார். அவ்வளவு கனமான வண்டி. ஆவணி வெயிலிலும் தள்ளினார். வீட்டுக்காரர் முதலில் கேலி செய்தார், பிறகு தன்னுடையதையும் அணைத்துவிட்டுத் தள்ளினார். நான் இரண்டு பேருக்கும் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நடப்பேன். அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் நின்றது. வேப்ப மரத்தில் இலை அசையாது. வெக்கை கூடிய நாட்களில் அண்ணாச்சி மதியத்துக்கு மேல் மருந்து அறைகளைப் பூட்டச் சொல்வார், முதலாளியிடமிருந்து ஆள் வந்து லோடு பாக்கி இருக்கிறது என்று நிற்பார், மறுபடி திறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார் என்று மதினி என்னிடம் சொன்னார். "என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்காக. ராத்திரி எந்திரிச்சு கையை மோந்து பாக்காக புள்ள. மருந்து வாடை போக மாட்டேங்குதாம்." எனக்குப் பயமாக இருந்தது. வேலையை விட்டுவிடுவோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் சொல்கிற பதில்தான் அது.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கவில்லை. நான் சத்தத்தைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. எதிர்ச் சுவர் வெள்ளையாக மாறியதைப் பார்த்தேன், பிறகு நான் வேலிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். மருந்து அறை ஒன்று இருந்த இடத்தில் புகைதான் நின்றது. அதற்குள் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் அந்த அறைக்குச் சரக்குக் கொண்டுபோகிற வழியில், வேப்ப மரத்தடியில் கிடந்தார். இரண்டு கைகளும் முதுகும் வெந்திருந்தன. கண் திறந்திருந்தது, என் பெயரைச் சொன்னார். அவர் உடம்பைத் தொடுவதற்கு எனக்கு இடம் தெரியவில்லை. போர்மேன் அண்ணாச்சி மறுகோடி அறையில் இருந்திருக்கிறார். ஓடி வந்தவர் கத்தவில்லை. ஈரச் சாக்குகளைக் கொண்டுவரச் சொன்னார், யார் பிழைப்பார்கள் என்று ஒரு பார்வை பார்த்தார், இரண்டு பேரை வேலிக்கு வெளியே தூக்கச் சொன்னார். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தி திரி நறுக்குகிற பெண். ஆபீஸ் வேன் திருத்தங்கலுக்கு லேபிள் எடுக்கப் போயிருந்தது. வெளியே நின்றவை அந்த இரண்டு வண்டிகளும் சில சைக்கிள்களும்தான்.

அந்தப் பெண்ணின் நிலைமை மோசமாக இருந்தது, அதனால் அவளை முதலில் அனுப்பினார். அதற்குத் தன் வண்டியைக் கொடுத்தார். ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் அப்பா அதே மாதிரி வண்டி வைத்திருந்தவர், அதனால் கணக்குப்பிள்ளைக்கு வலது கால் கியர் பழக்கம்; ஆனால் மிதித்து எழுப்பத் தெரியாது. அண்ணாச்சியே ஏறி நின்று லிவரை அழுத்தி, முள் நடுவுக்கு வரக் காத்திருந்தார். பின்னால் அறை எரிந்துகொண்டிருந்தது, அடுத்த அறைக்கும் தாவலாம் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மிதியில் வண்டி எழுந்தது. அதைக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எங்கள் வண்டிப் பக்கம் திரும்பினார். வேறு யாருக்காவது ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். ஓட்டத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள், அல்லது உயிரோடு இல்லை. "தங்கச்சி, நீ பின்னாடி ஏறி அவனை அணைச்சுப் பிடி" என்றார். வீட்டுக்காரரை நடுவில் உட்கார வைத்து ஈரச் சாக்கைச் சுற்றி, நான் பின்னால் ஏறினேன். வண்டி கிளம்பும்போது அண்ணாச்சி திரும்பாமலே சொன்னார். "தாயி, நீ சொல்லிக்கிட்டே வா. என் காலு கேக்காது. நீ சொன்னா கேக்கும்."

நான் சொன்னேன். சிவகாசி போய்ச் சேரும்வரை சொன்னேன். இடது கியர், வலது பிரேக். இடது கியர், வலது பிரேக். மேடு வந்தால் சொன்னேன், திருப்பம் வந்தால் சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்காரரின் தலை என் கன்னத்தில் சாய்ந்திருந்தது, அவர் நடுங்குவது என் பல்லில் தெரிந்தது. அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வாய் ஒழியவில்லை. அண்ணாச்சி இடது பாதத்தைக் கியர்மேல் வைக்காமல், வேண்டும்போது மட்டும் கொண்டுவந்து, மற்ற நேரம் வெளியே காற்றில் தொங்கப் போட்டிருந்தார். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் வலது கால் துடிக்கும், நான் கத்துவேன், அது அடங்கும். ஊருக்குள் நுழைகிற ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் இடது கால் கீழே வந்தது. "வலது அண்ணாச்சி, வலது" என்று நான் போட்ட கூச்சலில் முன்னால் நின்ற பஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி பஸ்ஸுக்குக் கைத்தூரத்தில் நின்றது. கூட்ஸ் வண்டி போகிறவரை அங்கே நின்றோம். அண்ணாச்சியின் பிடரியில் வேர்வை வாய்க்காலாக ஓடியது. யாரோ ஒரு அம்மா சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து எங்களைப் பார்த்துவிட்டு, எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். நான் கூடவே ஓடினேன். அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். சட்டையின் முதுகுப்புறம் சாக்குத் தண்ணீரும் மற்றதும் ஒட்டியிருந்தது. "நீ இவன் கூட இரு தாயி. மத்தவுக அங்கன கெடக்காக. நான் போயிட்டு வாரேன்" என்றார். சரி அண்ணாச்சி என்றேன். வேறு என்ன சொல்வேன்? என் புருஷன் உயிர் அந்தத் தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு வெளியே ஜப்பான் வண்டி சீறிக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் கிளம்பிய நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்து, மிச்சமிருந்தவர்களை ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கே அவருக்கு வேலை இல்லை. அதை அவருக்குச் சொல்ல யாருக்கும் வழியில்லை. அவர் போனும் கேட்டில்தான் கிடந்தது.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை வார்டுக்கு வந்து சுவரோரமாக நின்றார். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில், கருவேல விறகு ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்குப் பாதையிலிருந்து ரோட்டில் ஏறியிருக்கிறது. அங்கிருந்த டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அண்ணாச்சி வந்த வண்டி தூரத்தில்தான் இருந்தது, நிறுத்த நிறைய இடம் இருந்தது என்றாராம். "நிறுத்தப் பாக்கவே இல்லைங்காரு. கிட்ட வர வர வண்டி கத்துச்சாம்" என்றார் கணக்குப்பிள்ளை. கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நிறுத்தத்தான் பாத்திருக்காக. இடது காலை மிதிச்சிருக்காக." பிறகு அழ ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன். என் கண்ணைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் இறப்புச் செய்தி சொன்னால் முதலில் வருகிற கேள்வி, வெடியிலா என்பதுதான். அண்ணாச்சி விஷயத்தில் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அத்தனை வருஷம் மருந்துக்கு நடுவே நின்ற மனிதர் ஒரு டிராக்டரில் போய் முட்டினார் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. காலம் போக எல்லாருமே அவரையும் வெடியில் போனவர் கணக்கில் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதை நான் மறுப்பதில்லை. ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. ஜப்பான் வண்டி நசுங்கிப் போனது. இங்கிலீஷ் வண்டி மதினி வீட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. நாங்கள் சாத்தூரை விட்டு விருதுநகர் வந்துவிட்டோம். வீட்டுக்காரர் ஒரு பருப்பு மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கிறார். விரல்கள் முழுதாக மடங்காது. இப்போது பழைய வண்டிகளுக்குப் பெரிய மவுசு. மதுரையிலிருந்து பையன்கள் தேடி வந்து, இரண்டில் எது சார் நல்ல வண்டி என்று அவரிடம் கேட்பார்கள். அவர் இரண்டையும் புகழ்ந்து பேசுவார். நான் சமையற்கட்டில் இருந்துகொள்வேன். எனக்குக் கோபம் வரும். இரண்டுமே நல்ல வண்டிகள்தான். அவற்றைச் செய்தவர்கள் கால் பக்கத்தையாவது ஒன்றாக வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டுவேன்.

சென்ற தை மாதம் மதினி தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அண்ணாச்சி போன நாளிலிருந்து இத்தனை வருஷத்தில் மதினி அந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பிய பிறகு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி அவராகவே ஆரம்பித்தார். வரப்போகும் மருமகன் வீட்டுக்கு வந்தபோது சாக்கை விலக்கி வண்டியைப் பார்த்திருக்கிறார். ஆசைப்பட்டுத் துடைத்து, ஆளைக் கூட்டிவந்து எழுப்பி, தெருவில் ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார். தெருமுனையில் நிறுத்தப் போய்க் கால் மாறிவிட்டது.

"சும்மா செவுத்துல இடிச்சான். ஒண்ணும் ஆகலை" என்றார் மதினி. "அதைப் பாத்த பெறகு எனக்கு ஒரே யோசனை. நீ பின்னாடி உக்காந்து சொல்லிக்கிட்டே போனேன்னு அப்பவே எல்லாரும் சொன்னாக."

"ஆமா மதினி. ஆஸ்பத்திரி போற வரைக்கும் சொன்னேன்."

"திரும்பி வரையில யாரு சொன்னா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் குரலில் அது இல்லை. குழந்தை பஸ்ஸில் தனியாக வந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"யாருமில்லை மதினி. தனியாத்தான் போனாக."

மதினி தலையை ஆட்டினார். புடவைத் தலைப்பால் முழங்காலை இழுத்து மூடினார். தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்கன இருந்திருந்தா ஏறி உக்காந்திருப்பேன்" என்றார்.